முதலாளிக்கு நடு வாங்கு

இந்தக் கோடையில் எங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும்,

எனக்கு ஓய்வு பெறும் வயதாகவில்லை. முப்பத்துமூன்றுதான். ஆனால் என் வலது தோள் எனக்கு முன்னரே ஓய்வு பெற்றுவிட்டது. ஸ்கான் படத்தைப் பார்த்த டொக்டர், "என்ன, மூட்டை தூக்குகிற வேலையா?" என்று கேட்டார். "ஓம், இருநூறு வருடத்துக்கு முந்திய மூட்டைகள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. விளக்கம் சொல்ல எனக்கும் அலுப்பாக இருந்தது. பத்துக் கோடைகாலம் ஒரே ஆற்றில் கீழே போய் மேலே வந்திருக்கிறேன். இனிப் போகமாட்டேன்.

தமிழில் படகுச் சுற்றுகள் நடத்தத்தான் உங்களை எடுத்திருக்கிறார்கள். ஆகவே இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்று கேள்விப்பட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதும் கீழே வரும்.

துடுப்பை எப்படிப் பிடிப்பது, கயிற்றை எப்படி எறிவது, லைஃப் ஜாக்கெட்டின் வார்களை எந்த ஒழுங்கில் இறுக்குவது எல்லாம் உங்களுக்குத் தந்த கையேட்டில் இருக்கிறது. அவற்றைத் திருப்பிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எந்த ஆளை எந்த இடத்தில் இருத்துவது என்பதும் கையேட்டில் இருக்கிறது, அரைப் பக்கத்தில். அந்த அரைப் பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் தொழில் என்ன என்று வெளியாட்களுக்கு விளங்கப்படுத்துவதே பாதி வேலை. ஹம்பர் ஆற்றில் இருபத்தாறு அடிக் கனூ ஒன்றில், அதாவது ஒடுங்கிய துடுப்புத் தோணியில், ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழும் இடம்வரை போய்த் திரும்புகிறோம். போகும் வழியில் கதை சொல்கிறோம். தெருக்கள் இல்லாத காலத்தில் ஆறுகள்தான் தெருக்கள். ஆறு பாய்ந்து விழும் இடத்தில் படகையும் பாரத்தையும் தோளில் ஏற்றிக் காட்டுப்பாதையால் நடப்பார்கள். எங்கள் ஆற்றின் வாயிலிருந்து வடக்கே சிம்கோ ஏரிக்கும், அங்கிருந்து ஹியூறன் ஏரிக்கும் போன பாதை இந்த மண்ணின் ஆதிக்குடிகள் எத்தனையோ தலைமுறையாக நடந்து தேய்த்த பாதை. வியாபாரிகள் பிறகு வந்தவர்கள். துணியும் கேத்திலும் வெடிமருந்தும் உள்ளே போகும். பீவர் என்ற நீர்விலங்கின் தோல் வெளியே வரும். அமெரிக்கப் பக்கத்து எல்லைப்புறத்திலும் இதே கதைதான், ஆறுகளின் பெயர்கள்தான் வேறு.

துடுப்புப் போட்டவர்கள் மொன்றியல் பக்கத்து ஏழைக் கிராமத்துப் பொடியள். அநேகருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேலை ஒப்பந்தத்தில் பெயருக்குப் பதில் ஒரு சிலுவைக் குறி போட்டார்கள். ஒவ்வொரு சுமையும் தொண்ணூறு இறாத்தல், நாற்பது கிலோ. ஒரு தடவைக்கு இரண்டு சுமை. பல்கலைக்கழக நூல்நிலையத்தில் இதை முதன்முதல் வாசித்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா இருபத்திரண்டு வருடம் ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் மா மூட்டை தூக்கியவர். தன் பெயரை ஒரு படம் வரைவதுபோல் வரைவார். வேறு எழுத்துத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். சரித்திரம் படித்துப் பட்டம் பெற்று, இந்த வேலையில் சேர்ந்த அன்று அப்பா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"மூட்டை தூக்காமல் இருக்கவேணும் எண்டுதானடா உன்னைப் படிப்பிச்சனான். நீ என்னெண்டால் தோணி தூக்கப் போறாய்."

இனி இருக்கை விடயம். அந்தக் காலத்துக் கனூவில் முன்னுக்கு ஒருவன், பின்னுக்கு ஒருவன். முன்னவன் கல்லையும் அலையையும் பார்ப்பான், பின்னவன் திருப்புவான். இந்த இருவருக்கும்தான் சம்பளம் கூட. வியாபாரக் கம்பனியின் பங்காளி, உயரத் தொப்பி போட்ட முதலாளி, அவரும் அதே கனூவில் வருவார். அவர் எங்கே இருப்பார்? நடுவில், மூட்டைகளோடு மூட்டையாக. கரையில் அவர் சொன்னதே சட்டம். தண்ணீரில் அவர் ஒரு பாரம். இந்த இடத்தை நான் சொன்னதும் எல்லாச் சுற்றிலும் சனம் சிரிக்கும். பத்து வருடமாகச் சொல்லிச் சிரிக்கவைத்தவன் நான்தான். அதை மீறியவனும் நான்தான்.

எனக்குத் தொழில் பழக்கியவள் வடக்கே சட்பரிப் பக்கத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. தன் பெயரை எங்கும் எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். ஆகவே பின்துடுப்புக்காரி என்றே சொல்கிறேன். எப்போதும் கனூவின் பின்முனையில் நிற்பாள். ஒரு நாளில் அவள் பேசும் வசனங்களை எண்ணிவிடலாம்.

முதல் வருடம் ஒரு பள்ளிக்கூட வகுப்பு வந்து கரையில் நிற்கிறது. காற்று பிழை. அவள் ஏரிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, புல்லில் மல்லாந்து படுத்துத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். ரீச்சர் என்னைப் பிடித்துக் கத்துகிறார். பஸ் பிடித்து வந்தோம், பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்கள், வெயில் எறிக்கிறதே என்கிறார். நான் போய் அவளிடம் மெல்ல, "கொஞ்ச தூரமாவது போவோமா?" என்று கேட்டேன். தொப்பியை எடுக்காமலே சொன்னாள்: "அந்தக் காலத்து நாட்குறிப்புகள் வாசித்தாயல்லவா? காற்றுக்காகக் கரையில் கிடந்தோம், காற்றுக்காகக் கரையில் கிடந்தோம் என்று நாள் நாளாக எழுதியிருக்கும். கிடந்தவர்கள்தான் எழுதினார்கள். கிடக்காதவர்கள் எழுதவில்லை." அன்று எல்லோரும் கரையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ரீச்சர் முறைப்பாடு எழுதினார். அவள் அதை வாசிக்கவேயில்லை.

அவளிடம் அவ்வளவு பார்த்தும் ஐந்து கோடைகளுக்கு முன் ஒரு மே மாதக் காலையில் நான் செய்ததைக் கேளுங்கள்.

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் உள்ள தமிழ் மூத்தோர் கழகம் ஒன்றிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். ஒழுங்கு செய்தவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். வயது எண்பதை நெருங்கும். எல்லோரும் அவரை, வாத்தியாரைக் கூப்பிடும் ஆங்கிலச் சொல்லால், 'சேர்' என்பார்கள். அந்த எட்டுப் பேரில் என் அப்பாவும் ஒருவர். மகன் என்ன வேலை செய்கிறான் என்று அப்பா அதற்குமுன் வந்து பார்த்ததில்லை. சேர் "வா தம்பிராசா" என்று அப்பாவைக் கூப்பிட்டதால் வந்தார்.

சேர் யார் என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் என் பிழை உங்களுக்கு வெறும் முட்டாள்தனமாகத் தெரியும். ஊரில் அவர்களுடைய தோட்டத்தில் அப்பா கூலிவேலை செய்தவர். அவர்கள் வீட்டுக்குப் பின்பக்கத்தால் போய்ப் பின்பக்கத்தால் வந்தவர். ஏன் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள். இங்கே வந்த பிறகு அப்பாவின் அகதி விண்ணப்பத்தை எழுதியது சேர். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனது சேர். பல்கலைக்கழகத்துக்கு எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியதும் அவர்தான். அப்பா அவரை ஐயா என்று கூப்பிடுவதை விட்டு, மற்றவர்களைப்போல் சேர் என்று கூப்பிடப் பத்து வருடம் எடுத்தது.

சனிக்கிழமை காலைகளில் மல்வேர்ன் மோலில் உள்ள கோப்பிக் கடையில் இருவரும் சந்திப்பார்கள். சேர் சுவரோரக் கதிரையில் இருந்து கிழமைத் தமிழ்ப் பேப்பரை உரத்து வாசிப்பார். கடைசிப் பக்கத்து மரண அறிவித்தல்களில் தொடங்கி முன்பக்கத்துக்கு வருவார். அப்பா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பார். இடையில், "உவர் எந்த ஊர், சேர்?" "அப்ப பெண்சாதி எங்கை?" என்று கேட்பார். சேர் விளக்கம் சொல்வார், அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையும் வரும். அப்பாவுக்குப் பென்ஷன் வந்த பிறகு அவருடைய கிழமையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அது சனிக்கிழமை.

அன்றைக்குக் கரையில் நான் வழக்கமான கதையைச் சொன்னேன். முதலாளி நடுவில் என்ற இடத்தில் எட்டுப் பேரும் சிரித்தார்கள். சேர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு கனூவில் ஏற்றத் தொடங்கினேன்.

சேர் நேரே முன்முனைக்குப் போய் நின்றார்.

"தம்பி, நான் இதிலை இருக்கிறன். எல்லாம் வடிவாத் தெரியும். பிள்ளையளுக்கு வீடியோ எடுத்து அனுப்பவேணும்."

அது என்னுடைய இடம். "சேர், அது..." என்று தொடங்கினேன்.

"சேர் முன்னுக்கு இருக்கட்டும்" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "பின்னை, சேரைப் பின்னுக்கு விட்டிட்டு நாங்கள் முன்னுக்கு இருக்கிறதே?"

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை கேட்கவில்லை. நான் அதை "சும்மா விடு" என்று எடுத்துக்கொண்டேன்.

பின்முனையிலிருந்து அவள் கேட்டாள்: "முன்முனையில் எனக்கு யார்?"

"கடைசிப் பாலம் வரைக்கும்தான். பிறகு மாறிவிடுவேன். முக்கியமான மனிதர்."

"முக்கியமான ஆட்கள் நடுவில்" என்றாள். அவ்வளவுதான். இவனுடைய ஆட்கள், இவனுடைய மொழி, இவனுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சேருக்குப் பின்னால் இரண்டாவது வாங்கில், அந்தக் குறுக்குப் பலகை இருக்கையில், நானும் அந்த எட்டுப் பேரில் ஒருவரான மன்னார் றோஸ் அன்ரியும். எங்களுக்குப் பின்னால் அப்பா, இன்னொருவரோடு.

ஆறு அமைதியாக இருந்தது. றோஸ் அன்ரி துடுப்பைத் தண்ணீரில் வைத்ததைவிட என் முதுகில் வைத்ததுதான் அதிகம். "தம்பி, இதென்ன கறி கிண்டுற அகப்பை மாதிரிக் கிடக்கு" என்றார். சேர் முன்னால் இருந்து, எங்கள் ஆட்கள் கடல் தாண்டிப் போன மரக்கலங்கள் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். இடைக்கிடை அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். தனக்குத் தந்த துடுப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தார். எந்த வேலையைக் கொடுத்தாலும் அப்படித்தான். நீந்தத் தெரியாது. அவர் பிறந்த ஊரில் தண்ணீர் என்றால் கிணறு.

கடைசிப் பாலத்துக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு சேற்றுக் கரை இருக்கிறது, உங்களுக்குக் காட்டுவார்கள். அதில் ஒதுங்கி, ஏரியைப் பார்த்து, போவதா திரும்புவதா என்று முடிவெடுப்பது வழக்கம். ஒதுங்கினோம். கிழக்குக் காற்று கொஞ்சம் ஏறியிருந்தது. ஏரி வாயில் அலை குறுக்காக வந்தது. போகக்கூடிய அலைதான், முன்னால் வேலை தெரிந்த ஆள் இருந்தால். நான் சேரின் தோள்பக்கம் குனிந்தேன்.

"சேர், இனி நான் முன்னுக்கு வரட்டோ?"

"ஏன் தம்பி? நல்லாத்தானே போகுது."

என் பொறுப்பில் பத்து உயிர்கள். கேள்வியாகக் கேட்கவே கூடாத ஒன்றை நான் கேள்வியாகக் கேட்டேன். கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பின்னால் திரும்பி அவளுக்குக் கையைக் காட்டினேன், எல்லாம் சரி என்று. அந்தக் கையைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவள் நம்பியது அந்தக் கையை.

பாலத்தின் நிழலை விட்டு வெளியே வந்ததும் ஏரி திறந்தது. எல்லோரும் ஆ என்றார்கள். நகரத்தின் கட்டடங்கள் இடப்பக்கம் தெரியும், அதைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் சாய்வார்கள். அதற்கு நாங்கள் தயாராகவே இருப்போம். எதிர்பாராதது, சேர் எழும்பியது.

எழும்பி, எங்கள் பக்கம் திரும்பி நின்றார். கையில் போன். ஏரிக்கு முதுகு. "எல்லாரும் இங்கை பாருங்கோ. தம்பிராசா, தலையை உயர்த்து."

"சிற் டவுன்!" என்றாள் பின்துடுப்புக்காரி. அவள் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஒரு நிமிசம், ஒரு நிமிசம்" என்றார் சேர்.

முதல் அலை கனூவின் மூக்கைத் தட்டித் திருப்பியது. அதை நேராக்கும் ஆள் முன்னால் இல்லை, படம் எடுத்துக்கொண்டு நிற்கிறார். நாங்கள் அலைக்குப் பக்கவாட்டில் ஆனோம். என் கை எழும்பியது. அவருடைய ஜாக்கெட் எனக்கு ஒரு முழத்தில் இருந்தது. பிடித்து இழுக்கவேண்டும், வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை. கை பாதி வழியில் நின்றுவிட்டது. வாய் மட்டும் சொன்னது: "சேர், கொஞ்சம் இருங்கோ."

அடுத்த அலை விளிம்புக்கு மேலால் உள்ளே வந்தது. மே மாதத்து ஏரித் தண்ணீர் முழங்காலில் பட்டால் எரியும். றோஸ் அன்ரி "யேசுவே" என்றார். அதே நேரம் என் இடத் தோளை யாரோ மிதித்ததுபோல் இருந்தது. எனக்கும் அன்ரிக்கும் நடுவால் அப்பா முழங்காலில் வந்தார். சேரின் ஜாக்கெட்டை நெஞ்சில் இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்கு முகம் பார்த்து, மா மூட்டையைத் தட்டிலிருந்து இறக்குவதுபோல் கீழே இழுத்தார். சேர் கனூவுக்குள் தேங்கிய தண்ணீரில், அப்பாவின் மடியில் விழுந்தார். போனும் கண்ணாடியும் ஏரிக்குள் போயின.

பிறகு நடந்தவை கையேட்டில் உள்ளவை. நான் அவர்களைத் தாண்டி முன்னுக்குப் பாய்ந்தேன். அவள் பின்பக்கத்தைச் சுழற்றினாள். இரண்டு அலைக்கு இடையில் திரும்பிப் பாலத்துக்குள் வந்தோம். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

சேற்றுக் கரையில் எல்லோரும் நனைந்துபோய் நின்றோம். அப்பா துவாய் ஒன்றை எடுத்துச் சேரிடம் நீட்டினார். சேர் அதை வாங்கவில்லை. கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கி அப்பா நின்ற திசையைப் பார்த்தார்.

"தம்பிராசா. நீ எனக்குக் கை வைச்சிட்டாய்."

அப்பாவின் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. றோஸ் அன்ரிதான் தலைமுடியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "சேர், அவன் கை வைக்காட்டி இப்ப நாங்கள் எல்லாரும் பேப்பரின்ரை கடைசிப் பக்கத்திலை. வாசிக்கிறதுக்கும் ஆள் இருந்திருக்காது."

சேர் அன்ரியிடமிருந்த ஈரத் துவாயை வாங்கி முகத்தைத் துடைத்தார்.

அன்று பின்னேரம் சம்பவ அறிக்கை எழுதவேண்டியிருந்தது. முன்முனையில் யார், ஏன் என்ற கட்டத்தில், "பயணி கேட்டுக்கொண்டதால்" என்று எழுதினேன். பின்துடுப்புக்காரி வாசித்துவிட்டுப் பேனையால் அதைக் கீறினாள். "அவர் கேட்டது குற்றமில்லை. எல்லோரும்தான் கேட்பார்கள். நீ கொடுத்தாய்" என்றாள். "நான் கொடுத்தேன்" என்று திருத்தி எழுதினேன். ஒரு மாதம் என்னைத் தண்ணீரில் இறக்கவில்லை. கரையில் நின்று லைஃப் ஜாக்கெட் கழுவினேன். அந்தத் தண்டனை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பெரியது வீட்டில் நடந்தது.

அடுத்த சனிக்கிழமை அப்பா வெளிக்கிடவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. காலையில் சவரம் செய்வார், சேர்ட் போடுவார், ஜன்னலடியில் நின்று எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பிடத்தைப் பார்ப்பார், பிறகு சேர்ட்டைக் கழற்றி மடித்து வைப்பார். கோடை முழுக்க இப்படி. நான் பேப்பர் வாங்கிவந்து, கடைசிப் பக்கத்திலிருந்தே வாசித்துக் காட்டினேன். உச்சரிப்பெல்லாம் சரியாகத்தான் வாசித்தேன். இரண்டு அறிவித்தல் முடிய அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"காணும் விடு. நீ வாசிச்சா செய்திதான் கேக்குது."

"அப்பா, நீங்கள் செய்தது சரிதானே. நீங்கள் போய்க் கதைச்சால் என்ன?"

"என்னெண்டு கதைக்கிறது? மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லவோ?" பேப்பரை மடித்து என்னிடம் தந்தார். "அப்பிடிச் சொன்னா பொய்."

சரியான காரியம் செய்துவிட்டு, அதற்காக ஒரு மனிதர் தன் ஒரே ஒரு நாளை இழந்துகொண்டிருந்தார். செய்யவேண்டிய ஆள் நான். சம்பளம் வாங்கியது நான். பயிற்சி எடுத்தது நான். என் கை நின்ற இடத்தில் அவருடைய கை போனது. விலையை அவர் கட்டினார்.

இலை கொட்டும் காலத்தில் சேரின் அப்பார்ட்மென்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, புதுக் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். உள்ளே வரச் சொன்னார். மேசையில் பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. பஸ்ஸில் பாடமாக்கிவந்ததைச் சொன்னேன். உங்களை நடுவில் இருத்தவேண்டியது என் வேலை, இருத்தவில்லை, எழும்பியபோது பிடித்து இழுக்கவேண்டியதும் என் வேலை, அதையும் செய்யவில்லை, அப்பாவில் கோபப்படாதீர்கள் என்றேன்.

"ஏன் செய்யேல்லை?" என்று கேட்டார், வகுப்பில் கேட்பதுபோல்.

"உங்களுக்கு எப்பிடிச் சேர் சொல்லுறது? மரியாதைக்கு..."

"ஓ. மரியாதைக்கு." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப மரியாதையா என்னைத் தண்ணிக்குள்ளை விடப் பாத்தீர்."

நான் மேசையில் கிடந்த பேப்பரின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னார். "உம்மிலை எனக்குக் கோவம் இல்லை. உம்மடை கொப்பன்தான்... அம்பது வருசத்துக்குமேலை எனக்குத் தெரியும். என்ரை முகத்தை நேரை பாத்து அவன் ஒரு சொல்லுச் சொன்னதில்லை. அண்டைக்குப் பாத்தான். எனக்கு அது ரெண்டு நாள் அவமானமா இருந்தது. அதுக்குப் பிறகு யோசிச்சன், இவ்வளவு காலமும் அவன் பாக்காமல் இருந்ததை நான் என்னெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான் எண்டு."

எழும்பும்போது கேட்டேன்: "அப்பாவுக்கு என்ன சொல்ல, சேர்?"

"சனிக்கிழமை நான் கோப்பிக் கடைக்குப் போறனான் எண்டு சொல்லும். வாசிக்கக் கண்ணாடி இருக்கு. கேக்கத்தான் ஆளில்லை."

நான் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். மூன்று சனிக்கிழமை போயின. அவரை அவசரப்படுத்தவில்லை. காற்றுக்குக் காத்திருப்பது எனக்குப் பழகிய வேலை.

உங்கள் மூவருக்கும் சொல்ல வந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் பிரசங்கமாகிவிடும். உங்கள் கனூவில் ஏறப்போவது நம் ஆட்கள். அன்ரிமார், அங்கிள்மார், பிறந்தநாளில் உங்களுக்குக் காசு வைத்துத் தந்தவர்கள், உங்கள் அம்மாவுக்குப் படிப்பித்தவர்கள். வேறு ஆட்களை ஏற்றும் வழிகாட்டிக்கு இந்தக் கஷ்டம் வராது. அவர்கள் முன்னுக்குத்தான் வருவார்கள், கேட்பார்கள். கரையில் வைத்தே, காலில் தண்ணீர் படமுதல், சொல்லிவிடுங்கள்: நீங்கள் நடுவில். கேள்வியாகக் கேட்காதீர்கள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் போகட்டும், காலோடு நடந்து போவார்கள் அல்லவா? எழும்பினால் தொடுங்கள். யார் என்று பார்க்காதீர்கள். அந்த அரைப் பக்கத்துக்கு நான் கொடுக்கக்கூடிய விளக்கம் இவ்வளவுதான். நான் களைத்துப் போனது துடுப்பால் மட்டுமில்லை. அந்தப் பாதி வழியில் நின்ற கையை ஐந்து வருடம் சுமந்ததால்.

நாலாவது சனிக்கிழமை அப்பா சேர்ட்டைப் போட்டார், கழற்றவில்லை. "மழையாக் கிடக்கு, காரிலை விடு" என்றார். மழை இல்லை.

கோப்பிக் கடையில் சேர் வழக்கமான சுவரோரக் கதிரையில் இருந்தார். பேப்பர் விரித்தபடி. அப்பா வழக்கமாக இருக்கும் எதிர்க் கதிரையில் அவருடைய மழைக்கோட்டு. அப்பா போய் மேசையடியில் நின்றார். நான் கோப்பி வாங்கும் வரிசையில், மூன்று அடி தள்ளி நின்றேன்.

சேர் தலையை நிமிர்த்தினார். எதிர்க் கதிரையிலிருந்த கோட்டை எடுக்கவில்லை. தன் பக்கத்துக் கதிரையை, சுவரோரத்தில் இருந்ததை, காலால் வெளியே தள்ளினார்.

அப்பா இருக்கவில்லை. அவரை நேராகப் பார்த்தார்.

"சேர், திரும்ப எழும்பினாலும் இழுப்பன்."

"ஓம்" என்றார் சேர். "அதுக்குத்தானே பக்கத்திலை இருக்கச் சொல்லுறன்."

அப்பா இருந்தார்.